கழுத்து ரத்தக்குழாய் ஸ்டென்ட்: செய்யும் விதம் நன்று, வீட்டுக்கு அனுப்பும் விதம் போதாது

மூளைக்குப் போகும் கழுத்து ரத்தக்குழாய் சுருங்கினால், ஸ்டென்ட் எனும் சிறிய வலைக்குழாயை உள்ளே வைத்து விரிப்பார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இந்தச் சிகிச்சை கிடையாது. ஈப்போவுக்கோ அதைவிடப் பெரிய ஊருக்கோ எழுதிக் கொடுப்பார்கள். அங்கே செய்யும் விதத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. குறை தெரிவதெல்லாம் நோயாளி தோட்டத்துக்குத் திரும்பிய பிறகுதான்.

வாய் கோணி, ஒரு பக்கக் கை மரத்து, பேச்சு குழறிப் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டால், தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் செம்பனைக் காட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது மினி ஸ்ட்ரோக், மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் தடைபட்டதன் அடையாளம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்குக் காரணமான கழுத்து ரத்தக்குழாய் 70 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்தால், இரண்டு வாரத்துக்குள் சரிசெய்வதில்தான் பலன் அதிகம்.

தொடையிடுக்கில் மரப்பு ஊசி போட்டு, அங்கிருந்து ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைக் கழுத்துவரை ஏற்றுவார்கள். நோயாளி பெரும்பாலும் விழித்திருப்பார். அவ்வப்போது பேசச் சொல்லி, கையை அமுக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். அடைப்பைத் தாண்டி முதலில் குடைபோல ஒரு சின்ன வடிகட்டி விரியும். உடையும் கொழுப்புத் துணுக்கு மூளைக்கு ஏறாமல் பிடிப்பது அதன் வேலை. பிறகு சிறிய பலூனால் வழி செய்து, தானே விரியும் ஸ்டென்ட்டை வைத்து, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் பலூனால் உள்ளிருந்து அழுத்துவார்கள். கடைசியில் வடிகட்டியை மடித்து வெளியே எடுப்பார்கள்.

பலூன் அழுத்தும் அந்தச் சில நொடிகள் முக்கியம். ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. அவை இழுபட்டதும் நாடி சட்டென்று விழும், பிரஷரும் இறங்கும். நாடியை ஏற்றும் அட்ரோபின் ஊசி பக்கத்திலேயே தயாராக இருப்பது இதற்காகத்தான். சிலருக்கு இறங்கிய பிரஷர் ஓரிரு நாள் ஏறாது. அன்று மாலையே வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓர் இரவாவது மானிட்டரில் இருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறானதும் நடக்கும். குறைந்த ரத்தத்துக்குப் பழகிப்போன மூளைக்குள் ரத்தம் திடீரென்று வேகமாகப் பாய்ந்தால், ஸ்டென்ட் வைத்த பக்கம் கடும் தலைவலி, வலிப்பு, சிலருக்கு மூளையில் ரத்தக்கசிவு. இது வீடு திரும்பிய பிறகும் வரலாம். ஆனால் டிஸ்சார்ஜ் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத இடங்கள் உண்டு, அதுதான் எங்கள் முதல் புகார். பிரஷர் மெஷின் ஒன்று வாங்கிக் காலையும் மாலையும் பாருங்கள். எந்த அளவைத் தாண்டினால் வரவேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். அப்படித் தலைவலி வந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் 999-ஐ அழையுங்கள்.

ஸ்டென்ட்டா, கழுத்தைத் திறந்து அடைப்பை எடுக்கும் ஓப்பரேஷனா? 2010-இல் வெளிவந்த கிரெஸ்ட் ஆய்வு 2502 பேரை வைத்து இரண்டையும் ஒப்பிட்டது. சிகிச்சையை ஒட்டிய நாள்களில் ஸ்ட்ரோக் வந்தது ஸ்டென்ட்டில் 4.1, ஓப்பரேஷனில் 2.3 விழுக்காடு, மாரடைப்பு முறையே 1.1, 2.3. எழுபதைத் தாண்டியவர்களுக்கு ஓப்பரேஷன் பக்கம்தான் சாய்வு. வயதானால் நெஞ்சிலிருந்து ஏறும் பெருங்குழாய் சுண்ணாம்பு படிந்து வளைந்துவிடும். வடிகட்டி விரியும் முன்பே கருவி உரசித் துணுக்கு உடையும். இதய நோயாளிக்கும், கழுத்தில் ஏற்கெனவே கதிர்வீச்சு வாங்கியவருக்கும் ஸ்டென்ட் நல்ல வழி.

இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்கள், ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்கான சாய மருந்து போடும் முன் சிறுநீரகப் பரிசோதனை முடிவைக் காட்டி, சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள். திரும்பியதும் தொடையிடுக்கு வீங்கினாலோ இடுப்பு வலித்தாலோ உள்ளே ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மாத்திரையில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் 75 மில்லிகிராம் குளோபிடோக்ரெலும் குறைந்தது நான்கு வாரம் சேர்ந்தே போக வேண்டும். பிறகு ஒன்று ஆயுள் முழுக்க. பல் பிடுங்கப் போகிறோம் என்று நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட்டிலேயே ரத்தம் உறையலாம். ஒரு மாத மாத்திரையையும் ஸ்டென்ட் விவரம் எழுதிய அட்டையையும் கையில் வாங்கிய பிறகே வார்டை விட்டுக் கிளம்புங்கள்.