பில்லில் ‘ஒரிஜினல் அட்ஜஸ்டர்’, விளக்குக்குள் சைக்கிள் ட்யூப்

சென்னையின் தென்பகுதியில், அக்கம்பக்கத்தார் நம்பி வண்டி விடும் ஒரு பட்டறை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஹெட்லைட் அட்ஜஸ்டரை மாற்றியதாகச் சொல்லி என்னிடம் பணம் வாங்கிக்கொண்டு அங்கே என்ன செய்து வைத்தார்கள் என்பதை, இதே பழுதோடு அலைகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என் காரின் வலதுபக்க லோ பீம், அதாவது கீழ்நோக்கி விழ வேண்டிய தாழ்வொளி, வானத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. எதிரே வந்தவர்கள் எல்லாம் விளக்கைச் சிமிட்டித் திட்டிவிட்டுப் போனார்கள். ஹெட்லைட்டுக்குள் பல்பின் ஒளியை முன்னால் திருப்பியடிக்கும் ரிஃப்ளெக்டரைப் பொதுவாக மூன்று புள்ளிகள் தாங்குகின்றன. ஒன்று வெறும் தாங்கி. மற்ற இரண்டும் அட்ஜஸ்டர்கள்: ஒன்று ஒளியை மேலும் கீழும் நகர்த்தும், இன்னொன்று பக்கவாட்டில். திருகின் முனையில் சிறு உருண்டை இருக்கும். அது நைலான் குழிக்குள் ‘டக்’கென்று உட்கார வேண்டும். 55 வாட் ஹாலஜன் பல்பின் சூட்டில் வருடக்கணக்காக வெந்த பிளாஸ்டிக் நொறுங்கிப்போனால் உருண்டை கழன்று ரிஃப்ளெக்டர் தொங்கிவிடும். பழுது அவ்வளவுதான்.

பட்டறைக்காரர் எடுத்த எடுப்பில், “இதெல்லாம் தனியாக வராது சார், முழு அசெம்பிளியும் மாற்ற வேண்டும்” என்று 9,500 ரூபாய் சொன்னார். கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது, விளக்கு உடையவில்லை, எதற்கு மாற்றுவது என்று கேட்டேன். மாலையில் பேச்சு மாறியது. ஒரிஜினல் அட்ஜஸ்டரே வரவழைக்கலாம், பொருள் 1,600, கூலி 900 என்றார். காலையில் உலகத்திலேயே கிடைக்காத சாமான் மாலைக்குள் எப்படி முளைத்தது என்றதற்கு, “நமக்கு ஆள் இருக்கிறது சார்” என்று பதில். சரியென்று மாற்றிக்கொண்டு, கழற்றிய பழைய துண்டைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டார்களாம்.

கனமழையில் ஒரு நீண்ட பயணம் போனபோது குட்டு உடைந்தது. ஒளி பம்பருக்கு முன்னால் நாலடி தூரத்தில் விழுந்து கிடந்தது. வேறொரு மெக்கானிக் பம்பரைக் கழற்றி, விளக்கை வெளியே எடுத்து மேசையில் வைத்துப் பிரித்தார். உள்ளே இருந்தது வேறு ஏதோ வண்டியின் திருகு. நீளம் அதிகம் என்று பின்பக்கத்தை ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். அறுத்த பிசிறுகூடத் தேய்க்கப்படவில்லை. உருண்டை குழியைவிடச் சிறியது. அந்த இடைவெளியை அடைக்க அதன்மேல் சைக்கிள் ட்யூபை மெல்லிய நாடாவாக வெட்டிச் சுற்றியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பூச்சுப் பசை. மெக்கானிக் நகத்தால் நெம்பியதும் அந்தப் பசை ஓடு போல முழுதாகக் கழன்று வந்துவிட்டது. நைலானிலும் அட்ஜஸ்டர் செய்யப்படும் அசிட்டால் பிளாஸ்டிக்கிலும் சாதாரணப் பசை பிடிக்காது. இது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாததல்ல.

சரியான பொருளைத் தேர்ந்தெடுக்க ஒரே வழி பழையதைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவதுதான். ஆகவே உடைந்த துண்டுகளை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். உருண்டையின் விட்டம், திருகின் நீளம், மரையின் நெருக்கம், விளக்கின் உடலில் அது பூட்டிக்கொள்ளும் விதம் ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று இணையத்தில் விற்பவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது. முப்பரிமாண அச்சில் வார்த்த துண்டுகளும் அங்கே வருகின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அவற்றில் அதிகம் புழங்கும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும்; நம் ஊர் வெயிலில் நிற்கும் வண்டியின் விளக்குக்குள் அதன் கதி என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று விளக்கின் உயரத்தை மாற்றும் சக்கரம் உங்கள் காரில் இருந்தால், முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். ஒளி அசையவே இல்லையென்றால் கோளாறு அந்தச் சக்கரம் இயக்கும் மோட்டாரிலோ அதன் குழியிலோ இருக்கலாம். வெறும் திருகை மாற்றிப் பயனில்லை.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது, சென்னையில் பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் புதுப்பேட்டை. கண்ணாடி நொறுங்கிய, அதே மாடலின் பழைய விளக்கு ஒன்றை வாங்கி, அதிலிருந்த அட்ஜஸ்டர்களையும் குழிகளையும் எடுத்து மாட்டினோம். பழைய விளக்கை அப்படியே மாட்டுவதாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வலப்பக்கம் வண்டி ஓடும் நாடுகளுக்காகச் செய்த விளக்கில் லோ பீமின் விளிம்பு வலப்பக்கம் ஏறும். இங்கே அது எதிரே வருபவரின் கண்ணில்தான் அடிக்கும். நமக்கு இடப்பக்கம் ஏற வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன் பட்டறையிலேயே சோதியுங்கள். சமதரையில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி லோ பீம் போடச் சொல்லுங்கள். ஒளியின் கீழ்நோக்கிய சரிவு 1% என்று குறித்திருக்கும் வண்டியில், ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட 5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். பானெட்டைத் தட்டினால் அந்தக் கோடு துள்ளக் கூடாது.

நியாயம் கேட்கப் போனபோது, “லைட்தானே சார், பிரேக்கா போய்விட்டது?” என்றார் அந்த மனிதர். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, 8 மீட்டர் தொலைவில் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்காதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. அதையும் சேர்த்து எழுதி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகப் புகார் பதிந்தேன். பில், அறுத்த திருகு, ட்யூப் நாடா எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பாதிப் பணம் தருகிறோம், வெளியே எழுத வேண்டாம் என்று தூது வந்தது. முழுப் பணத்தோடு இரண்டாம் முறை பம்பர் கழற்றிய கூலியையும் கேட்டிருக்கிறேன். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.