கலிஸ்டாவா, மார்கனா? மரச்சட்டம்தான் முடிவு செய்தது

1930களின் தோற்றமுள்ள திறந்த கூரைக் கார் ஒன்றை பிரிட்டனில் தேடியபோது கடைசியில் என் முன் நின்றவை இரண்டு: மார்கன் 4/4, பாந்தர் கலிஸ்டா. 1984ஆம் ஆண்டின் கலிஸ்டாவை வாங்கினேன். மூன்று ஆண்டுகளாக ஓட்டுகிறேன்.

மார்கனுக்குப் பழமை பிறவிக் குணம். 1936இல் முதல் 4/4 வந்தது. அதன் அடிப்படை அமைப்பையே எண்பதுகளிலும் தொடர்ந்தார்கள். பாந்தர் பழமையை விரும்பி அணிந்துகொண்டது. ஆடைத் தொழிலிலிருந்து வந்த ராபர்ட் ஜான்கெல் 1972இல் தொடங்கிய நிறுவனம் அது. 1930களின் ஜாகுவார் எஸ்எஸ்100 காரை நினைவூட்டும் ஜே72தான் முதல் கார். பிறகு நிறுவனம் நொடித்தது. 1980இல் கொரியத் தொழிலதிபர் யங் சல் கிம் அதை வாங்கினார். பாந்தரின் முந்தைய மாடலான லீமாவின் கண்ணாடியிழை உடலுக்குப் பதிலாக அலுமினிய உடலுடன் 1982இல் கலிஸ்டா வந்தது. கிரேக்கத்தில் ‘பேரழகி’ என்று பொருள். பெயர் பொருத்தமானதே.

எஞ்சினை வைத்து முடிவெடுக்க முடியாது. அந்தக் கால 4/4இலும் என் வண்டியிலும் இருப்பது ஃபோர்டின் 1.6 லிட்டர் எஞ்சின்தான்.

முடிவு செய்தது மரம். மார்கனின் உடலைத் தாங்குவது ஆஷ் மரச்சட்டம். என் வீட்டில் கராஜ் கிடையாது. வண்டி ஆண்டு முழுவதும் மழையில்தான் நிற்கும். தகட்டுக்குப் பின்னால் ஈரம் தேங்கினால் மரம் உளுப்பது வெளியே தெரியாது. அதனால்தான் பழைய மார்கன் வாங்குபவர்கள் கதவைத் திறந்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கிறார்கள். கதவுத் தூண் அசைந்தால் உள்ளே மரம் போய்விட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய உடலையே பிரிக்க வேண்டும். கலிஸ்டாவின் எஃகு அடிச்சட்டமும் (சேசிஸ்) துருப்பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் வண்டியைத் தூக்கி நிறுத்தினால் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிகிறது. எங்கள் ஊர் வெல்டரே ஒட்டுப்போட்டுவிடுகிறார். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அடியில் படுத்து மெழுகு அடிக்கிறேன். ஒரு மதியப் பொழுது போதும்.

விற்கும்போது மார்கனுக்கே மதிப்பு அதிகம். இங்கிலாந்தின் மால்வர்னில் மார்கன் ஆலை இன்றும் இயங்குகிறது. மார்கனை நான் ஓட்டியது ஒரே ஒரு மதியம்தான். அதன் ஓட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது போதாது. கலிஸ்டாவின் மட்கார்டு நசுங்கினால் என்ன செலவாகும் என்பதையும் அனுபவத்தில் இன்னும் அறியேன். நெரிசலான தெருக்களில் அதை நிறுத்துவதில்லை.