மணிக்கட்டு முறிவுக்கு ஏ.ஓ. வகைப்பாடு: 14 ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த இளைய மருத்துவர், மணிக்கட்டு முறிவை நோயாளியின் ஏட்டில் எந்த வகைப்பாட்டு முறைப்படி எழுதுவது, ஃபிரிக்மன் என்ற மருத்துவர் வகுத்ததா, ஏ.ஓ. என்ற எலும்பு முறிவு அறுவை மருத்துவர் அமைப்பு வகுத்ததா என்று சென்ற வாரம் கேட்டார். கீழக்கரைப் பக்கம் 14 ஆண்டுகளாக எலும்பு முறிவுகளைப் பார்த்து வரும் எனக்கு, நின்ற இடத்தில் அதற்குப் பதில் சொல்ல வரவில்லை.

1967இல் வந்த ஃபிரிக்மன் முறையின் எட்டு வகைகளும் எளிதில் மனத்தில் நிற்பவை. விரிசல் எந்த மூட்டில் இறங்கியது, முன்கையில் சுண்டுவிரல் பக்கமுள்ள அல்னா எலும்பின் கூர்நுனி முறிந்ததா என்பதோடு அது நின்றுவிடுகிறது; எலும்பு எவ்வளவு விலகியது, எவ்வளவு குறுகியது என்பதற்கு அதில் இடமே இல்லை. மாவுக்கட்டிலேயே கூடிவிடும் கையும் பிளேட் வைத்தே தீர வேண்டிய கையும் ஒரே எட்டாம் வகைக்குள் வந்துவிடுவதால், அதை நான் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன.

ஏ.ஓ. முறை அப்படியல்ல. முறிவு மூட்டுக்கு வெளியே இருந்தால் ஏ, மூட்டின் ஒரு பகுதியை மட்டும் பிளந்தால் பி, மூட்டுப் பரப்பு முழுவதும் எலும்பின் தண்டிலிருந்து பிரிந்துவிட்டால் சி. இந்த ஓரெழுத்தைத் தொலைபேசியில் சொன்னாலே மதுரையிலுள்ள அறுவை மருத்துவருக்குப் பாதி விளங்கிவிடுகிறது. என் மனத்தாங்கலெல்லாம் எழுத்துக்குப் பின்னால் வரும் எண்களோடுதான். 2018 திருத்தத்துக்கு முந்தைய பதிப்பில் ஒவ்வோர் எழுத்தும் மூன்றாகவும், அவை மறுபடி மூன்றாகவும் பிரிந்து 27 உட்பிரிவுகளாகின.

சின்ன ஏர்வாடியிலிருந்து வந்த அந்த அம்மா, கடற்பாசி எடுக்கப் போன இடத்தில் பாறை வழுக்கி உள்ளங்கையை ஊன்றி விழுந்தவர். விரல்களில் சுற்றியிருந்த துணியைக் கத்தரித்து எடுத்த பிறகே எக்ஸ்ரே எடுக்க முடிந்தது. முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள ஆர எலும்பின் பின்புறம் நொறுங்கியிருந்தது. அங்கிருந்து மயிரிழை போன்ற ஒரு கோடு மூட்டை நோக்கி இறங்கியது. அது மூட்டைத் தொடவில்லை என்று கருதி ஏ3 என்று எழுதினேன். ஆறு வாரம் கழித்துக் கட்டுப் பிரித்த அன்று, அதே பழைய படத்தைப் பார்த்து, கோடு தொடுகிறது என்று தோன்றவே சி2 என்று எழுதிவிட்டேன். அவருடைய மகள் இரண்டு தாள்களையும் மேசையில் விரித்து, "டாக்டர், எலும்பு மறுபடியும் உடைஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

அன்றிரவே பழைய படங்களை எடுத்து, பெயரை மறைத்து மறுபடி வகைப்படுத்தினேன். அந்த அம்மாவுடையதைப் போல எழுத்தே மாறியவை வெகு சில. எண் மாறியவை ஏராளம். 1996இல் வெளிவந்த ஆய்வுகளும் இதையே காட்டின. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு எஞ்சும் உடன்பாட்டை அளக்கும் கப்பா அளவு, மூன்று எழுத்துகளோடு நிறுத்தினால் ஏற்கும்படி இருக்கிறது. உட்பிரிவுக்கு இறங்க இறங்கச் சரிகிறது. குற்றம் முழுவதும் முறையின் மீதல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கை சற்றுத் திரும்பினாலே படத்தில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கோட்டை மறைத்துவிடும். சி.டி.யில் அது தெளிவாகத் தெரியும். ஆனால் அன்றாடக் கூலிக்குப் போகும் எல்லோரையும் அதற்கு அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

நான் சிகிச்சையை முடிவு செய்வது வேறு அளவுகளைக் கொண்டுதான்: மூட்டுப் பரப்பின் உள்ளங்கைப் பக்கச் சாய்வு இயல்பாகச் சுமார் 11 டிகிரி, ஆர எலும்பின் பக்கச் சரிவு சுமார் 22 டிகிரி, அதன் உயரம் 11 அல்லது 12 மில்லிமீட்டர். மூட்டுப் பரப்பில் 2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ படிபோல ஏற்றத்தாழ்வு விழுந்தால் பிற்காலத்தில் தேய்மானம் வரும் என்று 1986இலேயே எச்சரித்திருக்கிறார்கள். வலை இழுக்கும் கையா, வீட்டோடு இருக்கும் முதியவரின் கையா என்பதையும் இவற்றோடு சேர்த்தே பார்க்கிறேன்.

ஆகவே தம்பி, ஏ.ஓ.வையே எழுதுங்கள், இதைவிட நல்லதொன்று என் கைக்கு வரவில்லை. எழுத்தோடு நிறுத்திக்கொண்டு, பக்கத்திலேயே இந்த நான்கு அளவுகளையும் குறித்துவிடுங்கள். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். ஆறு வாரம் கட்டோடு இருந்து தேறிய கை மறுபடியும் உடைந்துவிட்டதோ என்று அந்தப் பெண் பதறிய முகம் கண்முன் நிற்கும்வரை, மூன்றாவது மதிப்பெண்ணைப் போட எனக்கு மனம் ஒப்பாது.