தண்டையார்பேட்டையில் ஒரு பொறுமையான ஜோசியர்
பேத்திக்கு ஜாதகம் எழுத தண்டையார்பேட்டை மார்க்கெட் பக்கம் உள்ள ஜோசியரிடம் போனோம். மாடிப்படி செங்குத்து, முட்டி வலிக்காரர்களுக்குக் கஷ்டம். ஆனால் மனுஷருக்கு என்ன பொறுமை! "ராசியும் லக்னமும் ஒண்ணுதானா ஐயா?" என்று மருமகள் கேட்டதும், கட்டத்தை அவள் பக்கம் திருப்பிப் பென்சிலால் காட்டினார். பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற வீடு, அதாவது ஜாதகத்தின் 12 கட்டங்களில் ஒன்று, ராசி. கிழக்கே உதித்துக்கொண்டிருந்த வீடு லக்னம், அங்கேதான் 'ல' என்று போட்டிருக்கும். சுமார் 2 மணி நேரத்தில் லக்னம் மாறிவிடும், அதனால் ஆஸ்பத்திரியில் குறித்த நேரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். நட்சத்திரம் 27, ஒவ்வொன்றுக்கும் 4 பாதம். குழந்தைக்கு ரோகிணி நட்சத்திரம் என்பதால் சந்திர தசையில், அதாவது சந்திரன் ஆளும் காலத்தில், பிறப்பு. அந்தத் தசையில் இன்னும் எவ்வளவு காலம் மீதி இருக்கிறது என்பதையும் நோட்டில் எழுதிக் கொடுத்தார். பரிகாரம் என்று எதையும் தலையில் கட்டவில்லை, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஞாயிறு கூட்டம் அதிகம், போன் பண்ணிவிட்டுப் போங்கள்.