தொங்கிப்போன சர்வரை நிறுத்த எது தேவலாம்: கன்ட்ரோல்-சியா, கில்லா, ஃபியூசரா?

"அண்ணா, போர்ட் 3000 ஏற்கெனவே யூஸ்ல இருக்குன்னு வருதுண்ணா." ஓசூரில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஜூனியர் இப்படிக் கேட்டால், "கில் மைனஸ் 9 போட்டு விடுப்பா" என்றுதான் பதில் போகும். தொங்கிப்போன பழைய சர்வர் அந்தப் போர்ட்டை (நிரல் நெட்வொர்க்கில் பேசும் எண்ணிட்ட வாசல்) இன்னும் விடவில்லை, கில் மைனஸ் 9 அதை வலுக்கட்டாயமாகக் கொல்லும். வேலை நடக்கும், ஆனால் முதலில் போட வேண்டியது அதுவல்ல.

சிக்னல் என்பது ஓடும் நிரலுக்கு, அதாவது புராசஸுக்கு, போகும் எண்ணிட்ட செய்தி: 2 என்றால் 'நிறுத்து', 15 என்றால் 'முடித்துக்கொள்', 9 என்றால் 'உடனே சாகு'. கன்ட்ரோல்-சி 2-ஆம் சிக்னலை அனுப்புகிறது. அந்த டெர்மினலில் முன்னால் ஓடும் புராசஸ் குழு முழுவதற்கும் போவதால், சர்வர், தான் கிளப்பிய பிள்ளைப் புராசஸ்களோடு சேர்ந்து அடங்கும். அடங்காவிட்டால், பெரும்பாலும் நம் நிரலே சிக்னலைப் பிடித்து வைத்திருக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடில் ஹேண்ட்லர் (சிக்னல் வந்ததும் ஓட வேண்டிய நிரல்துண்டு) எழுதியிருந்து, வேலைகளை வரிசையாக எடுக்கும் ஈவென்ட் லூப் முடிவில்லாத லூப்பில் மாட்டிக்கொண்டால், ஹேண்ட்லர் ஓடவே வழியில்லை. சில நேரம் பிரவுசர் டேபில் திறந்திருக்கும் வெப்சாக்கெட் என்ற நீடிக்கும் இணைப்புக்காகச் சர்வர் காத்திருக்கும். டேபை மூடினாலே போதும்.

கன்ட்ரோல்-இசட் போட்டியிலேயே சேராது. பிராம்ப்ட் திரும்பி வருவதால் நின்றுவிட்டதாகத் தோன்றும். உண்மையில் புராசஸ் உறைந்து கிடக்கிறது, போர்ட்டும் அதன் கையில்தான். 'எஃப்ஜி' அடித்து முன்னால் கொண்டுவந்து, பிறகு கன்ட்ரோல்-சி.

டெர்மினலையே மூடிவிட்டீர்கள் என்றால் புராசஸ் எண் வேண்டும். போர்ட்டை யார் பிடித்திருக்கிறார் என்று கண்டுபிடிக்கும் இரண்டு கட்டளைகள், எல்எஸ்ஓஎஃப்-க்கும் ஃபியூசருக்கும், இங்கேதான் போட்டி. ஃபியூசர் கண்டுபிடித்துக் கொல்வதும் ஒரே வரி: மைனஸ் கே, 3000 சாய்கோடு டிசிபி. ஆனால் எதுவும் சொல்லாமல் விட்டால் அது அனுப்புவது நேரே 9. 'மைனஸ் டெர்ம்' சேர்த்தால்தான் 15 போகும். மேக்கில் உள்ள ஃபியூசருக்கு இந்தப் போர்ட் வித்தை தெரியாது.

எல்எஸ்ஓஎஃப் லினக்ஸ், மேக் இரண்டிலும் ஓடும். அதில் வேறு பள்ளம்: மைனஸ் டி, மைனஸ் ஐ, கோலன் 3000 என்று மட்டும் கேட்டால், அந்தப் போர்ட்டோடு இணைந்திருக்கும் பிரவுசரின் எண்ணும் சேர்ந்து வரும். அப்படியே கில்லுக்குக் கொடுத்தால் குரோமும் காலி. 'மைனஸ் எஸ் டிசிபி கோலன் லிசன்' சேர்த்துக் கேட்டு, கிடைத்த எண்ணுக்கு வெறும் கில், அது 15-ஐ அனுப்பும். எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

கட்டளை வரியில் 'நோட்' என்று வரும் புராசஸ் எல்லாவற்றையும் அடிக்கும் பிகில் மைனஸ் எஃப் நோட்? தட்டச்சு குறைவு, சேதம் அதிகம். எடிட்டருக்குப் பின்னால் ஓடும் நோட் புராசஸ்களும் போய்விடும். பர்கூர் பக்கம் ஏதாவது கல்லூரி லேபில் ஒரே லாகினில் பத்துப் பேர் ஒரு லினக்ஸ் சர்வருக்குள் இருந்தால், பத்துப் பேர் ப்ராஜெக்ட்டும் நிற்கும்.

15 அனுப்பி ஐந்து நொடி பாருங்கள். அசையாவிட்டால் 9. அதை எந்த நிரலாலும் பிடிக்க முடியாது. அதனாலேயே துப்புரவும் நடக்காது. ரூபி மொழியின் வெப் கட்டமைப்பான ரெயில்ஸ், தன் டெம்ப் ஃபோல்டரில் பிஐடி ஃபைலை (புராசஸ் எண் எழுதியது) விட்டுவிட்டுச் சாகும். மறுமுறை கிளப்பும்போது 'சர்வர் ஏற்கெனவே ஓடுகிறது' என்று அடம்பிடித்தால் அந்த ஃபைலை அழியுங்கள். 9-க்கும் அசையாததை, புராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ்-இல் பாருங்கள்: நிலை 'டி' என்றிருந்தால் டிஸ்க்கிலோ நெட்வொர்க் டிரைவிலோ மாட்டியிருக்கிறது. அந்த வேலை முடியாமல் நகராது.

ஃபைல் மாறியதும் சர்வரைத் தானே மறுபடி கிளப்பும் நோடுமானில் பிள்ளையை மட்டும் கொன்றால், அடுத்த முறை ஃபைலைச் சேமித்ததும் எழுந்து வரும். தாயை, அதாவது நோடுமானையே நிறுத்துங்கள்.

விண்டோஸில் நெட்ஸ்டாட் மைனஸ் ஏஎன்ஓ, கடைசி நெடுவரிசையில் புராசஸ் எண். பிறகு 'டாஸ்க்கில்' கட்டளை, கூடவே பிள்ளைகளுக்கு 'சாய்கோடு டி'. மேக்கில் 5000 போர்ட்டை 'கன்ட்ரோல் சென்டர்' பிடித்திருப்பதாகக் காட்டினால் கொல்லாதீர்கள், திரும்ப வந்துவிடும். 2021-இல் வந்த மான்ட்டரே முதல் ஏர்ப்ளே ரிசீவர் அங்கே உட்கார்ந்திருக்கிறது. செட்டிங்ஸில் அதை அணையுங்கள், அல்லது 5000-ஐயே இயல்பாக எடுக்கும் பைத்தான் கட்டமைப்பான ஃபிளாஸ்க்கை 5001-க்கு மாற்றுங்கள்.