பட்டு ஷிஃபான் என்று நம்பி கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்: நுனோ ஃபெல்டிங் கிட் எச்சரிக்கை

ஆன்லைனில் வாங்கிய ஒரு நுனோ ஃபெல்டிங் கிட் பற்றிய பதிவு இது. கம்பளி இழைகளைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்து உருட்டி, மெல்லிய துணியோடு பிணைய வைக்கும் கைவேலைதான் நுனோ ஃபெல்டிங். விளம்பரத்தில் போட்டிருந்தது: 90க்கு 180 செ.மீ. தூய பட்டு ஷிஃபான், 5 மொம்மே (பட்டுத் துணியின் எடை அளவு). கூடவே 100 கிராம் மெரினோ கம்பளி. வந்தது பாலியஸ்டர் ஜார்ஜெட்டும், துவைத்தாலும் இறுகாதபடி பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளியும். புகார் கொடுத்தால், ‘வெட்டிய துணி, நனைத்த கம்பளி ரிட்டர்ன் கிடையாது’ என்று ஒரே பதில். வெட்டி நனைக்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டால் பதிலே இல்லை. ஆனால் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

முதலில் தராசு. 1 மொம்மே என்றால் சதுர மீட்டருக்கு 4.34 கிராம். மேலே சொன்ன அளவு 1.62 சதுர மீட்டர். 5 மொம்மே பட்டு 35 கிராம்தான் வர வேண்டும். சமையலறைத் தராசில் வைத்தபோது காட்டியது 105. அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிட்டது. எடை போடத் துணியை வெட்டவே வேண்டாம், மடிப்புகூடக் கலையாது.

அடுத்தது தீ. ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பட்டானால் முடி கருகும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகிவிடும். காகிதம் எரியும் வாசனை வந்தால் விஸ்கோஸ். குறுக்கு நூல், நெடுக்கு நூல் இரண்டையும் தனித்தனியாகக் கொளுத்த வேண்டும். இரண்டில் ஒன்றில் மட்டும் பட்டு நூல் ஓட்டிய துணியும் சந்தையில் உண்டு. ‘ஆர்ட் சில்க்’ என்று போட்டிருந்தால் அதற்கு இந்தச் சோதனைகூட வேண்டாம், அது பட்டே இல்லை.

பாலியஸ்டர் என்பதாலேயே கம்பளி ஒட்டாது என்று சொல்லவில்லை. கம்பளி இழைகள் ஒன்றையொன்று பற்றி இறுகுவது (ஃபெல்ட் ஆவது) அவற்றின் மேலுள்ள நுண்ணிய செதில்களால்தான். பட்டுக்கும் அந்தச் செதில் கிடையாது, அதுவும் தானாக ஃபெல்ட் ஆகாது. கம்பளி இழை துணியின் கண்கள் வழியே மறுபக்கம் போய், அங்கே சக இழைகளோடு பின்னிக்கொள்வதுதான் வேலையே. அதனால் நெசவு திறந்திருக்க வேண்டும். துணியை வாயில் வைத்து ஊதினால் காற்று தாராளமாகப் போக வேண்டும். நமக்கு வந்த ஜார்ஜெட்டில் காற்று திணறியது. காஞ்சிபுரம் பட்டுப் புடவையை வெட்டிப் போட்டாலும் இதே கதைதான். அசல் பட்டு, ஆனால் நெசவு அடர்த்தி.

கம்பளிதான் பெரிய மோசடி. சூப்பர்வாஷில் குளோரினால் செதிலை மழுக்கி, மேலே பிசின் பூசியிருப்பார்கள். ஸ்வெட்டருக்கு நல்லது, ஃபெல்டிங்குக்கு உதவாது. ஒரு சிட்டிகை கம்பளியை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே நாலைந்து நிமிடம் உருட்டுங்கள். நல்ல மெரினோ இறுகி உருண்டையாகும். இது வழவழவென்று இழையிழையாகவே நின்றது. அக்ரிலிக் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், சில இழைகளை வீட்டு பிளீச்சில் அரை மணி நேரம் போடுங்கள்; கம்பளி கரையும், அக்ரிலிக் கரையாது. ஃபெல்டிங் முடிந்ததும் கடைசி அலசலுக்கு வைத்திருக்கும் வினிகரை பிளீச் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சுவாயு வரும்.

கிட்டோடு வந்த குறிப்புத்தாளும் தப்பு. ‘ஆரம்பத்திலேயே கொதிநீர் ஊற்றித் தேய்க்கவும்’ என்கிறது. அப்படிச் செய்தால் கம்பளி துணிக்குள் நுழைவதற்கு முன்பே தனக்குள் இறுகி, தோல் போல உரிந்து வந்துவிடும். ஷிஃபானை முதலில் ஷாம்பு போட்டு அலசிக் கஞ்சியை எடுங்கள். கம்பளியை மெல்லிய படலமாகப் பரப்பி, அறைச் சூட்டுத் தண்ணீரும் சோப்பும் தெளித்து, அழுத்தாமல் தேய்த்து, பபிள் ராப்பில் சுற்றி உருட்டுங்கள். துணியின் அடிப்பக்கம் பூனை முடி போல இழைகள் எட்டிப் பார்த்த பிறகுதான் சுடுநீர். அதன் பிறகு துணி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கும் சேர்த்துப் பெரிதாகத்தான் வெட்ட வேண்டும். குறிப்புத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வாங்குவதற்கு முன் மொம்மே எத்தனை, கம்பளி சூப்பர்வாஷா, இழையின் தடிமன் எத்தனை மைக்ரான் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பார்சல் பிரிப்பதையும் எடை போடுவதையும் ஒரே வீடியோவாக எடுத்துவையுங்கள். இதே கிட் ஏற்கெனவே வந்திருந்தால், அந்த ஜார்ஜெட்டைக் கம்பளி மேல் போடும் மூடுதுணியாக வைத்துக்கொள்ளலாம். அவ்வப்போது தூக்கி விடுங்கள், இல்லையென்றால் கம்பளி அதில் லேசாகப் பிடித்துக்கொள்ளும்.