கேள்வி கேட்ட பிறகே மீன் தரும் கடை

சுங்கை சிப்புட் சந்தைக்குப் பின்னால் உள்ள கடைவீட்டு வரிசையில் இருக்கும் மீன் கடைக்கு நான் முதன்முறையாகச் சென்றபோது, கையில் 300 வெள்ளி வைத்திருந்தேன். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள் பன்னிரண்டை அன்றே வாங்கிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் சென்றேன். கடைக்காரர் எனக்கு ஒரு மீனைக்கூட விற்கவில்லை. தொட்டி எத்தனை அடி, தண்ணீர் ஊற்றி எத்தனை நாளாகிறது, பில்டரில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். நான்கு நாள்தான் ஆகிறது என்றதும், "ஆறு வாரம் கழித்து வாங்க தம்பி, மீன் எங்கேயும் போய்விடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு ஆண்டுகளாக அதே கடைக்குப் போய்வரும் நான், அந்தக் கேள்விகளுக்காகவே இந்தக் கடையைப் பரிந்துரைக்கிறேன்.

இதற்கு முன் வேறோர் ஊரில் எட்டு மீன்களை வாங்கி, புதிதாக நிரப்பிய தொட்டியில் விட்டு, ஒன்பது நாளில் எல்லாவற்றையும் பறிகொடுத்தவன் நான். அங்கே என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா உருவாகிறது. பில்டரில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை போதுமான அளவில் பெருகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். ஆப்பிரிக்க ஏரி மீன் வளர்ப்போர் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும் என்பதைக் கடைக்காரர்தான் எனக்கு விளக்கினார்: தண்ணீரின் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) உயர உயர, அதே அளவு அம்மோனியாவில் நஞ்சான பங்கு அதிகமாகிறது. ஆகவே சாதாரணத் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவுகூட மலாவித் தொட்டியில் உயிரைக் குடித்துவிடும். இதைச் சொல்லிவிட்டு, நீண்ட நாளாகப் புது மீன் எதுவும் சேர்க்காத தமது தொட்டி ஒன்றின் பில்டரிலிருந்து, அந்த பாக்டீரியா ஏற்கெனவே குடியேறிய பழைய பஞ்சில் பாதியை வெட்டி, ஈரம் காயாமல் பையில் கட்டிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

அடுத்து, தண்ணீர். மலாவி ஏரியின் பி.எச். ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை இருக்கும். கடைக்காரர் சொன்னபடி என் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சொட்டு மருந்து விட்டுச் சோதித்ததில் பி.எச். 6.8 என்றும், பி.எச்.-ஐ ஒரே நிலையில் வைத்திருக்க உதவும் கார்பனேட் கடினத்தன்மை மிகக் குறைவு என்றும் தெரிந்தது. பி.எச். ஏற்றும் மருந்துப் போத்தல்கள் அவருடைய அலமாரியிலேயே நிற்கின்றன. அவற்றில் ஒன்றை என் தலையில் கட்டியிருக்கலாம். அவரோ 10 வெள்ளிக்கு ஒரு பை பவளத் துண்டுகளைக் கொடுத்து, அடியில் பரப்புவதைவிடத் தண்ணீர் ஊடுருவிச் செல்லும்படி பில்டருக்குள் வைப்பதே பயன் தரும் என்றார். மருந்து ஊற்றினால் பி.எச். சட்டென்று ஏறிப் பிறகு இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் மீனை வருத்துகிறது. பவளம் மெல்லக் கரைந்து தண்ணீரை ஒரே நிலையில் பிடித்து வைக்கிறது. மூன்று வாரத்தில் என் தொட்டி 8.0-க்கு வந்தது, இன்றுவரை பெரிதாக மாறவில்லை. குகை அடுக்குவதற்குச் சுண்ணாம்புப் பாறைத் துண்டுகளும் அவரிடம் கிடைக்கின்றன. ஈப்போவைச் சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கல் புதிதல்ல. எந்தக் கல்லானாலும் ஒரு சொட்டுக் காடி (வினிகர்) விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல்.

ஆறு வாரம் கழித்துச் சென்றபோதும் நான் கேட்ட கலவையை அவர் அப்படியே கொடுக்கவில்லை. என்னுடையது நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், அதாவது ஏறத்தாழ 255 லிட்டர் கொள்ளும் தொட்டி. பாறை இடுக்குகளில் வாழும் மலாவி மீன்களில் ஆண் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகச் சோடி வைத்தால் அந்தப் பெண் துரத்தப்பட்டே செத்துப்போகும். ஆகவே ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது இருக்கும்படி, குணத்தில் சற்றுச் சாதுவான, எல்லோ லேப் எனப்படும் மஞ்சள் நிற மலாவி மீன்களாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். இரண்டு அங்குல மீன் 12 வெள்ளி. பெரிய நகரங்களைவிட ஓரிரு வெள்ளி கூடுதல் என்றாலும் நியாயமான விலைதான். நான் நின்றிருந்தபோதே, இரண்டடித் தொட்டிக்கு ஆஸ்கர் கேட்டு வந்த பள்ளி மாணவனிடம், அந்த மீன் ஓர் அடிக்கு வளரும் என்று கையால் அளந்து காட்டி, கப்பி மீன்களோடு அனுப்பினார். விற்க மறுக்கத் தெரிந்த வியாபாரி எனக்கு மிகவும் முக்கியமானவர்.

தீனியிலும் அவருடைய ஆலோசனை சரியாகவே இருந்தது. பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்று பழகிய மீனுக்கு மாட்டு இதயம் போன்ற இறைச்சித் தீனியைக் கொடுத்துவந்தால், வயிறு வீங்கிச் சாகும் நோய் வர இடமுண்டு. இவர் ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீனியைப் பெரிய வாளியிலிருந்து நிறுத்துத் தருகிறார். வாளியை எப்போது திறந்தார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு, அவற்றில் ஒன்று சிறியதல்ல. 'ஆப்பிரிக்கக் கலவை' என்று எழுதி ஒட்டிய தொட்டியில், பீக்காக் எனப்படும் மலாவி மீன்களில் பல வகைகளை ஒன்றாக விட்டிருக்கிறார். அந்த வகைகளின் பெண் மீன்கள் எல்லாம் ஒரே மங்கிய சாம்பல் நிறத்தில் இருப்பதால் எது எதன் பெண் என்று கண்டுபிடிக்க முடியாது. தொட்டிக்குள் இனம் கலந்தும்விடும். மற்ற எல்லாவற்றிலும் இவ்வளவு கவனமாக இருப்பவர் இதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவரிடம் நேரிலேயே சொன்னேன். இடம் போதவில்லை என்றார். இனம் சுத்தமாக வேண்டுவோர் அந்தத் தொட்டியிலிருந்து வாங்க வேண்டாம். புதிதாக வந்த மீன்களைத் தனியாக வைத்துக் கவனிக்கும் வழக்கமும் அங்கே இல்லை. வாங்கியவற்றை வீட்டில் மூன்று வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது நல்லது.

மழைக்காலத்தில் இடி விழுந்து மின்சாரம் போகும் நம் ஊர்ப்பக்கத்துக்குத் தேவையான பேட்டரி காற்றுப் பம்பும் அவரிடம் 35 வெள்ளிக்குக் கிடைக்கிறது. மின்சாரம் நின்றால் மீன் மட்டுமன்றி, பிராணவாயு கிடைக்காமல் பில்டரில் உள்ள பாக்டீரியாவும் சாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் பிராணவாயு குறைவாகவே கரையும் என்பதால் நம் வெயிலுக்கு அந்தப் பம்பு இன்னும் அவசியமாகிறது. ஹீட்டர் கேட்டேன், தேவையில்லை என்று அதையும் விற்கவில்லை.

சென்ற மாதம் என் பெண் மீன் ஒன்று தீனியைத் தொடாமல், தாடை புடைத்து ஒதுங்கி நின்றது. நோய் என்று பயந்தேன். தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் தந்தை எட்டிப் பார்த்துவிட்டு, குட்டையில் பிடித்த திலாப்பியாவும் இப்படித்தான் முட்டையை வாயில் வைத்துக்கொள்ளும் என்றார். சப்பானியர் ஆட்சிக் காலத்தில் சாவாவிலிருந்து மலாயாவுக்கு வந்த அந்தத் திலாப்பியாவும் இந்த மலாவி மீனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஏறத்தாழ மூன்று வாரம் தாய் எதையும் தின்னாது, வலை போட்டுப் பிடிக்க வேண்டாம், அதிர்ந்தால் முட்டையைத் துப்பிவிடும் என்றார். இருபத்திரண்டாம் நாள் பாறை இடுக்கில் பதினான்கு குஞ்சுகளை எண்ணினேன்.

கடை திங்கட்கிழமை மூடியிருக்கும். மற்ற நாள்களில் காலை பதினொரு மணிக்கு மேல் செல்லுங்கள். செல்லும்போது உங்கள் தொட்டித் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்துச் செல்லுங்கள்.